காற்றறையும் எண்ணெயறையும்

ஒரு யந்திரத்தை அதை வைத்திருப்பவனே தன் வீட்டுத் திண்ணையில் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டுவது நல்ல வழக்கமா, வீண் விபரீதமா என்னும் கேள்விக்கு எல்லா யந்திரங்களுக்கும் பொருந்துகின்ற ஒரே விடை கிடையாது. தையல் மெஷினுக்குச் சொல்லும் விடை ஒன்று. சமையல் வாயு ரெகுலேட்டருக்குச் சொல்லும் விடை வேறொன்று. மலைச் சைக்கிளின் சட்டகத்து நடுவிலே ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில் அமைந்து, பின்சக்கரம் வாங்கும் அடியையெல்லாம் தான் வாங்கிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர், இவ்விரண்டு விடைகளையும் ஒருங்கே வேண்டி நிற்கும் சாதனம். அதன் காற்றறையை வீட்டிலே பிரித்துப் பராமரிப்பது அனுமதிக்கத் தக்கது மாத்திரமன்று, நம் போன்ற சிற்றூர்வாசிகளுக்கு அத்தியாவசியமானது என்பதும், அதன் எண்ணெயறையை வீட்டிலே திறப்பது எவ்வளவு கைத்திறன் உள்ளவனுக்கும் தகாது என்பதும், இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையை அறியாமையால் துணிபவரும் அஞ்சுபவரும் ஒருசேரத் தவறுகிறார்கள் என்பதும் என்னுடைய அபிப்பிராயம்.

இதை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டு ஊர்களை முன்வைத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் ஒன்றுக்கொன்று 12 கிலோமீட்டர் அளவில் அமைந்த இவ்வூர்களில் இத்தகைய சைக்கிள் வைத்திருப்போர் மிகச் சிலரே. ஆயினும் அச்சிலருக்கு மலை கண்முன்னே நிற்கிறது. அந்த மலைக்காடு 1988 முதல் சாம்பல் நிற மலை அணில் சரணாலயமாகவும், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் இருப்பதால், அனுமதியில்லாமல் அதற்குள் சைக்கிளை ஓட்டிச் செல்ல முடியாது. முடியாமலிருப்பதே நியாயமும் ஆகும். ஆகவே ஓட்டிகளுக்கு எஞ்சுவன அய்யனார் கோயில் சாலையை ஒட்டிய மாந்தோப்பு வண்டித்தடங்களும், செண்பகத்தோப்புப் பக்கம் காட்டு வாசல் வரை போகும் கல் பாதைகளும், கண்மாய்க் கரைகளுமே. இப்பாதைகளில் ஆள் உயரத்துக்குத் தாவி இறங்கும் பாறைகள் இல்லை. பொடிக்கல்லும் வேரும் வரப்பும், கோடையில் கணுக்கால் புதையும் புழுதியும்தாம் உண்டு. பெருந்தாவல் ஷாக்கைக் கெடுக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், நாள் முழுவதும் ஓயாமல் நிகழும் சிறு அசைவுகளும், அவ்வசைவு ஒவ்வொன்றிலும் ரப்பர் சீலின் உதட்டோரம் உள்ளே நுழையப் பார்க்கும் நுண்புழுதியுமே அதை மெல்ல மெல்ல அரித்துவிடுகின்றன. எங்கள் பாதைகள் அந்த அரிப்புக்கென்றே அமைந்தவை போலும்.

மலைச் சைக்கிள் என்னும் விளையாட்டே வீட்டுப் பராமரிப்பில் பிறந்ததுதான். 1976-இல் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் பழைய சைக்கிள்களை மலைச்சரிவில் இறக்கிப் பந்தயம் விட்ட இளைஞர்கள், பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் பிரேக்கின் உள்ளே கிரீஸ் வெந்து புகைந்து போய்விடவே, ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் பின்ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைத்தார்கள். அந்த ஹப்புக்குள் அழுத்தம் எதுவும் அடைபட்டிருக்கவில்லை; ஆதலால் அது பிரித்தவன் கையை ஒன்றும் செய்ததில்லை. இன்றைய ஷாக்கின் கதை அப்படியன்று.

நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுகிற, முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த மலிவுச் சைக்கிள்களை இங்கே நான் கருதவில்லை. அவற்றின் பின்புறம் இருப்பது பெரும்பாலும் வெறும் இரும்புச் சுருள். அதை அடக்க எண்ணெய் கிடையாது. எவ்வளவு வேகமாக அமுங்குகிறதோ அவ்வளவு வேகமாகத் திரும்பி எழுந்து ஓட்டுபவனைத் தூக்கிப் போடும். அதற்குப் புஷ்ஷில் கிரீஸ் இடுவதைத் தவிரப் பராமரிப்பு என்று ஒன்றும் இல்லை. உண்மையான மலைச் சைக்கிளின் ஷாக்கில் வேலைகள் இரண்டு. ஓட்டுபவனின் கனத்தைத் தாங்கும் வேலையைக் காற்று செய்கிறது: ஒரு சிறிய உருளையில் 150 முதல் 300 பி.எஸ்.ஐ. வரை அடைபட்டு, அமுங்க அமுங்க இறுகி, ஸ்பிரிங்காக நின்று கொடுக்கிறது. தாங்கிய விசையைத் திரும்ப உதைக்கவிடாமல் அடக்கும் வேலையை எண்ணெய் செய்கிறது: பிஸ்டனிலுள்ள துளைகளின் வழியே, அவற்றை மூடிநிற்கும் மெல்லிய எஃகுத் தகடுகளை வளைத்துக்கொண்டு, எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பிதுங்கும்போது அசைவின் சக்தி உஷ்ணமாக மாறிப் போகிறது. அந்த எண்ணெயில் குமிழி கண்டுவிட்டால் அடக்கும் வேலை கெட்டுவிடும் என்பதற்காக, ஒரு மிதக்கும் பிஸ்டனுக்கு அப்பால் நைட்ரஜன் வாயுவை அடைத்து எண்ணெயை எப்போதும் நெருக்கிக்கொண்டே இருக்கச் செய்கிறார்கள். பஜாஜ் பல்சர் மோட்டார் சைக்கிளின் பின்புறம் நைட்ரஜன் குப்பியோடு வந்த ஷாக்கைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதன்று.

ஆக, ஒன்றன்மேல் ஒன்று போர்த்தியதுபோல் இரண்டு அறைகள். வெளியே இருப்பது காற்றறை. உள்ளே இருப்பது எண்ணெயறை. வெளியறை மரையில் திருகிக் கழற்றுமாறு அமைந்தது. அதைக் கழற்றினால் எண்ணெயறை தன் சீல்களோடு திறவாமல் அப்படியே நிற்கும். இந்த அமைப்பைச் செய்தவர்களே வீட்டுக்காரனுக்கென ஒரு வாசலை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

வீட்டிலே பராமரிப்போர் தம் வழக்கத்துக்கு ஆதாரமாக முதலில் எடுத்துச் சொல்வது பணச் சேமிப்பு. இந்த வாதம் எனக்கு அவ்வளவாகச் சம்மதமில்லை. 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் ஷாக் பம்ப், அலுமினியத்தில் பல் பதியாதபடி மெத்தை வைத்த வைஸ், பெல்ட் ஸ்பேனர், சீல் செட், அதற்குரிய கிரீஸ், எண்ணெய் என்று எல்லாவற்றையும் வாங்கிய பிறகு, ஒரே ஒரு சைக்கிள் வைத்திருப்பவன் கணக்குப் பார்த்தால் பெரிய மிச்சம் எதையும் காணமாட்டான். இந்த வழக்கத்தின் உண்மையான பலம் காலக்கிரமத்தில் இருக்கிறது. ராக்ஷாக்ஸ் நிறுவனம் தன் பின்புற ஷாக்குகளின் காற்றறையை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறையும், எண்ணெயறையையும் சேர்த்து 200 மணி நேரத்துக்கு ஒருமுறையும் கவனிக்கச் சொல்கிறது. ஃபாக்ஸ் நிறுவனம் 125 மணி நேரம் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அதைச் சொல்கிறது. வாரம் இருமுறை இரண்டிரண்டு மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு 50 மணி நேரம் என்பது மூன்று மாதத்தில் வந்து நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஷாக்கைக் கழற்றிப் பார்சல் கட்டிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை சைக்கிளைச் சுவரில் சாய்த்துவைத்துக் காத்திருப்பவர் யார்? ஒருவரும் இல்லை. நடைமுறையில் நிகழ்வது என்னவெனில், வீட்டில் செய்யாதவன் எங்குமே செய்வதில்லை. ஓராண்டு, ஈராண்டு கழித்து உள்ளே புகுந்த புழுதி சேறாகி, சீலை மட்டுமன்றிப் பிஸ்டன் தண்டின் மேற்பூச்சையும் தேய்த்துவிட்ட பிறகே பட்டறையை நாடுகிறான். அந்தப் பூச்சு போனபின் புதிய சீலால் பயனில்லை, தண்டையே மாற்றவேண்டும். எட்டணா வேலையை எட்டு ரூபாய் வேலையாக வளர்க்கும் இந்தத் தாமதத்தை ஒழிப்பதுதான் வீட்டுப் பராமரிப்பின் தலையாய நன்மை.

இதனோடு சேர்த்துச் சொல்லவேண்டிய ஒன்று: சைக்கிளை மோட்டார் சைக்கிளோடு நிறுத்தி வாட்டர் சர்வீஸ் செய்விக்கும் பழக்கம். வேகத்தோடு பீச்சும் நீர் புழுதியைக் கழுவுவதற்குப் பதிலாகச் சீலின் உதட்டைத் தாண்டி உள்ளே தள்ளுகிறது. வாளித் தண்ணீரும் ஈரத்துணியும் போதுமானவை.

வேலை எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால்தான் அதன் நயமும் பயமும் விளங்கும். முதலில் சைக்கிளிலிருந்து ஷாக்கைக் கழற்றும் முன்னரே வால்வை மெல்ல அழுத்திக் காற்றை இறக்கவேண்டும். இறக்கும்போதே இருக்கையை அழுத்தி அழுத்தி விடவேண்டும். காரணம், காற்றறைக்குள் பிஸ்டனுக்கு மேலே ஓர் அறையும் கீழே எதிர்த்துத் தள்ளும் சிற்றறையும் இருக்கின்றன. வால்வு மேலறைக்கு மட்டுமே உரியது. சிற்றறையின் காற்று, பிஸ்டன் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போதுதான் மேலறைக்கு வந்து சேரும். அவசரப்பட்டு ஒரேயடியாகக் காற்றைத் திறந்துவிட்டவன் சிற்றறையில் அழுத்தத்தை அப்படியே அடைத்துவைத்தவன் ஆகிறான். பிறகு ஷாக்கின் கண்ணை வைஸில் பிடித்து, உருளையைத் துணியால் சுற்றிக்கொண்டு, பெல்ட் ஸ்பேனரால் திருகினால் சிறு ‘புஸ்’ என்ற ஓசையோடு அது விடுபடுகிறது. உள்ளே முன்பு தேன்நிறமாக இருந்த கிரீஸ், ஒரு கோடையின் முடிவில் சாம்பல் கலந்த கறுப்பாய் மாறி, விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறக்கும். அந்த நறநறப்பே ராஜபாளையத்தை அடுத்த முடங்கியாற்றுப் பக்கத்துப் புழுதி. தடித்த ரப்பர் வளையங்களை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் முனையாலோ எடுக்கவேண்டுமேயன்றி, கைக்கு அகப்பட்ட திருப்புளியால் நெம்பக்கூடாது; வளையம் உட்காரும் பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால், அதன்பின் எந்த வளையமும் காற்றை முற்றிலும் தாங்காது. ஸ்பிரிட்டால் துடைத்து, புதிய வளையங்களுக்கு அதற்குரிய கிரீஸைப் பூசி, சில மில்லி எண்ணெய் விட்டு, மறுபடி திருகி, காற்றைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அமுக்கி அமுக்கிச் சிற்றறைக்கும் காற்றைக் கொடுத்து முடிக்கவேண்டும். இறுதியாக ஏறி உட்கார்ந்து பார்த்தால், 50 மில்லிமீட்டர் நீளும் தண்டில் 12 முதல் 15 மில்லிமீட்டர் அமிழ்ந்து நிற்பது நன்று.

இந்த வேலைக்கு ராஜபாளையத்தில் ஒரு விசேஷ இடைஞ்சலும் ஒரு விசேஷ அனுகூலமும் உண்டு. இடைஞ்சல், பஞ்சு. 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியது முதல் நூற்பு ஆலைகள் பெருகிய இந்த ஊரில், மில்லை அடுத்த தெருக்களின் ஜன்னல் கம்பியிலும் மேசையிலும் பஞ்சுத் தூசி படிந்துகொண்டே இருக்கும். அதில் ஒரு நார் சீலின் உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே அகப்பட்டாலும் மறுநாள் காலை ஷாக் தணிந்து நிற்கும். துடைப்பதற்குப் பக்கத்துச் சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணி கை நிறையக் கிடைக்கிறதே என்று எண்ணுவதும் பிசகு. புண்ணுக்கு உகந்த அந்தத் தளர்ந்த நெசவு வெட்டிய ஓரத்தில் இழையை உதிர்க்கும். பல முறை துவைத்து இழை உதிர்ந்து தீர்ந்த பழைய வேட்டித் துணி இதற்கு மேலானது. காற்றாடியை நிறுத்திவிட்டு, நனைத்துப் பிழிந்த துணியால் மேசையைத் துடைத்து, அதன்மேல் வெள்ளைக் காகிதம் விரித்து வேலை செய்வதே முறை.

அனுகூலமும் அதே மில்லிலிருந்துதான் வருகிறது. நூலை இழுக்கும் உருளைகளின் மேல் காற்றால் அழுத்தம் கொடுக்கின்ற ரிங் பிரேம்களைப் பராமரிக்கும் ஃபிட்டர்களுக்கு ஓ ரிங் என்பதும், காற்றுக் கசிவு என்பதும் அன்றாட விஷயம். அப்படியொருவரிடம் என் ஷாக்கைக் காட்டி, “அண்ணாச்சி, இது ராத்திரியில இறங்கிருது” என்று சொன்னபோது அவர் அதைக் காதருகே வைத்து மெல்ல அமுக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, காத்து கசிஞ்சா ரப்பரைப் பாரு, எண்ணெய் கசிஞ்சா கைய வைக்காத, கழட்டி அனுப்பு” என்றார். மில்லின் காற்றுக்குழாயில் ஓடுவது சுமார் 100 பி.எஸ்.ஐ.; ஷாக்கில் அதன் இரண்டு மூன்று மடங்கு. ஆயினும் நோயறியும் முறையில் அவர் சொன்னதைக் காட்டிலும் சுருக்கமாகச் சொல்ல என்னால் இயலாது. ஒரே ஒரு திருத்தம் மட்டும் தேவைப்படும்: தண்டின்மேல் மெல்லிய எண்ணெய்ப் பசை காண்பது நோயன்று, காற்றறைக்குள் நாமே விட்ட எண்ணெயின் அடையாளம் அது. காற்றறையைக் கழற்றும்போது நுரைத்த எண்ணெய் வழிந்தாலோ, காற்றில்லாமல் தண்டைக் கையால் அமுக்கும்போது எதிர்ப்பே இல்லாத ஓர் இடம் தட்டுப்பட்டாலோ, உள்ளே ‘சளக் சளக்’ என்னும் ஓசை எழுந்தாலோதான் எண்ணெயறை பழுதுபட்டது என்று நிச்சயிக்கவேண்டும்.

இனி அபாயங்களைச் சொல்லவேண்டும். அவற்றுள் மிகக் கொடியது, காற்றை இறக்கிய பின்னும் ஷாக் அமுங்கியே நின்று, இழுத்தாலும் நீளாமல் இருக்கும் நிலை. சீல் பழுதாகி, மேலறைக் காற்று சிற்றறைக்குள் இடம்பெயர்ந்து அங்கேயே சிறைப்பட்டுவிட்டது என்பதற்கு அது அடையாளம். வால்வில் காற்றே இல்லையே என்று நம்பி அந்நிலையில் உருளையைத் திருகுகிறவன், கடைசி மரையை விட்டதும் அந்த உருளை தன் முகத்தை நோக்கிப் பாய்வதற்கு வழி செய்கிறான். தயாரிப்பாளர்கள் இந்த ஷாக்கைத் தொடாமல் அனுப்புங்கள் என்றே எழுதுகிறார்கள். அந்த எச்சரிக்கையை வியாபார தந்திரம் என்று சிலர் தள்ளிவிடுவது மகா அபாயகரமான அலட்சியம். காற்றறை வேலையை நான் எவ்வளவு ஆதரிக்கிறேனோ அவ்வளவு உறுதியாக இந்த ஒரு நிலையில் அதை எதிர்க்கிறேன்.

எண்ணெயறையைப் பற்றி எதிர்வாதம் ஒன்றுண்டு. அதை நேர்மையாக எடுத்துக்கொள்ளவேண்டும். சில மாடல்களில் நைட்ரஜன் இல்லாமலே, தனி அடாப்டர் கொண்டு, சாதாரண ஷாக் பம்பாலேயே மிதக்கும் பிஸ்டனுக்குப் பின்னால் காற்று நிரப்பலாம். தயாரிப்பாளரின் கையேடே அவ்வழியைக் காட்டுகிறது. நாம் மூச்சுவிடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தானே என்பது எண்ணெயறையையும் வீட்டிலே திறக்க விரும்புவோரின் வாதம். வாயுவைப் பொறுத்தமட்டில் இது ஒப்புக்கொள்ளத் தக்கதே. நைட்ரஜனின் சிறப்பு பெரும்பாலும் அது உலர்ந்தது என்பதில்தான் இருக்கிறது. ஆனால் கஷ்டம் வாயுவில் இல்லை. மிதக்கும் பிஸ்டனைக் குறித்த ஆழத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் நிறுத்தவேண்டும். எண்ணெயை ஒரு குமிழியும் இன்றி நிரப்பவேண்டும். மெல்லிய தகடுகளை அவற்றின் வரிசை மாறாமல் அடுக்கி, சொன்ன முறுக்கத்துக்குமேல் முறுக்காமல் பூட்டவேண்டும். வரிசை மாறிப்போன தகடு வெளியே எந்த அறிகுறியும் காட்டாது, சைக்கிள் ஓடும், ஓட்டுபவன் ஏதோ சரியில்லை என்று உணர்ந்து காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே ஒரு பருவத்தைக் கழிப்பான். காற்றறையில் செய்த தவறு மறுநாள் காலையிலேயே பிரத்தியட்சமாகிவிடும். எண்ணெயறைத் தவறு மறைந்து நின்று பழகிப்போகும். ஒரு வேலையை வீட்டில் செய்யலாமா கூடாதா என்பதற்கு, அது கடினமா சுலபமா என்பதைவிட, அதில் நேரும் பிழை தன்னைக் காட்டிக்கொடுக்குமா என்பதே தக்க அளவுகோல் என்று நான் கருதுகிறேன். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எண்ணெயறை பட்டறைக்கே உரியது.

டயர் கடைகளில் நிரப்பும் நைட்ரஜன் இதற்கு உதவுமா என்று கேட்பார் உண்டு. உதவாது, பல ஷாக்குகளில் எண்ணெயை நெருக்கும் வாயு 250 பி.எஸ்.ஐ.க்கு மேற்பட்டது, தவிர, அதை ஏற்ற ஊசியும் ரெகுலேட்டரும் தனி.

வீட்டுப் பராமரிப்பாளரிடம் நான் காணும் இன்னொரு குறை, குறித்துவைக்காமை. காற்றழுத்தம் எவ்வளவு, எந்தத் தேதியில் சீல் மாற்றியது, அப்போது கிரீஸ் என்ன நிறத்தில் இருந்தது என்பவற்றை எழுதிவைப்பவர் அபூர்வம். எழுதாததால் விளையும் குழப்பத்துக்கு ஓர் உதாரணம்: விடியற்காலை 25 பாகை வெப்பத்தில் 200 பி.எஸ்.ஐ. வைத்த ஷாக், 40 பாகைச் சித்திரை நண்பகலில் சுமார் 211 பி.எஸ்.ஐ. காட்டும், கணக்கிட்டால் வாயுவின் பொது விதியிலிருந்தே இது வந்துவிடுகிறது. மேலும் பம்பை மாட்டும்போது குழாய்க்குள் சிறிது காற்று போய் அளவு குறைந்து காட்டும். இவ்விரண்டையும் அறியாதவன், காலையில் கூட்டியும் மதியம் குறைத்தும், நல்ல சீலைக் குற்றவாளி என்று முடிவுகட்டிப் பிரிக்கத் தொடங்குகிறான். தேவையில்லாமல் பிரிப்பதும் பராமரியாமல் விடுவதைப் போன்றதொரு கேடே. பிரிக்கும் ஒவ்வொரு முறையும் புழுதி நுழைய ஒரு வாய்ப்பு.

இவ்வளவும் ஓட்டுபவன் பக்கத்துக் குறைகள். செய்து விற்பவர் பக்கத்திலும் குறை உண்டு. அதை மறைப்பது பாரபட்சமாகும். சில ஷாக்குகளின் காற்றறையைக்கூட அவர்களது விசேஷ ஸ்பேனர் இன்றித் திறக்கமுடியாதபடி அமைக்கிறார்கள். சீல் செட்டின் எண்ணை மாடலுக்கு மாடல், வருஷத்துக்கு வருஷம் மாற்றுகிறார்கள். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ஆம் ஆண்டில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, விவசாயக் கருவி, கைபேசி முதலிய மின்னணுச் சாதனம், வீட்டுச் சாதனம், மோட்டார் வாகனம் ஆகியவற்றை முதலில் எடுத்துக்கொண்டது நல்ல தொடக்கம். மனிதன் காலால் மிதித்து ஓட்டும் வாகனமும் அந்த வரிசையில் இடம்பெறுவது நியாயம். பெறும்வரை உதிரிப்பாகத்துக்கு அலைவது ஓட்டுபவன் தலையிலேயே விழுகிறது.

அந்த அலைச்சலில் மில் சாமான் கடைகள் ஓரளவு கைகொடுக்கும். வட்ட வெட்டுடைய சாதாரண ஓ ரிங்கின் உள்விட்டத்தையும் தடிமனையும் காலிப்பரால் அளந்து சொன்னால், அதே அளவில் நைட்ரைல் ரப்பரில் எடுத்துத் தருவார்கள். வால்வுக்கும் உருளையின் தலைக்கும் அது போதும். பிஸ்டனில் உட்காரும் நான்கு உதட்டு வளையமும், அதற்குப் பின்னணியாக நிற்கும் கெட்டிப் பிளாஸ்டிக் வளையமும், தண்டின் வாயிலுள்ள புழுதித் தடுப்புச் சீலும் அவர்களிடம் கிடைப்பதில்லை. அவற்றுக்கு ஓ ரிங்கை மாற்றாக இட்டுப் பார்ப்பதும் தவறு, ஏனெனில் அசையும் இடத்தில் அது முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும். ஆகையால் சைக்கிள் வாங்கும்போதே அந்த மாடலுக்குரிய சீல் செட்டை இரண்டாக வாங்கி, காற்றுப் புகாத உறையில், வெயிலும் வெப்பமும் படாத அலமாரியில் வைத்துக்கொள்வது உசிதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தைமாதத்தில் பாதைகள் உலர்ந்து ஓட்டம் மும்முரப்படும் முன்னர் ஒன்றையும், பங்குனி, சித்திரைப் புழுதிக்குப் பின் மற்றொன்றையும் செலவிடலாம். எண்ணெயறையை அனுப்பவேண்டிய காலம் வந்தால், இரண்டு ஊர்களிலும் உள்ள சிலர் கூடி ஐப்பசி, கார்த்திகை மழையில் சைக்கிள்கள் சும்மா நிற்கும் வாரங்களில் எல்லா ஷாக்குகளையும் ஒரே பெட்டியில் அனுப்பினால், பார்சல் செலவும் குறையும், நல்ல ஓட்ட நாட்களும் வீணாகா.